வெட்டுண்ட காடு மீளுமா? கலங்கிய ஓடை தெளியுமா?



மரம் வெட்டுவதே பாவம் என்று போதிக்க நாம் இங்கு முன்வரவில்லை. நமது கோவில்களின் வாங்குகளும், வீடுகளின் கதவு நிலைகளும், இறந்தோரை அடக்கம் செய்யும் பெட்டிகளும் மரத்தினால் ஆனவையே. அர்ச். சூசையப்பர் மரத்தை அறுத்தும் இழைத்துமே திருக்குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் தேவைக்கு ஒரு மரத்தைத் தறிப்பது வேறு, ஒரு காட்டையே குலைப்பது வேறு. குலைந்துபோன காடு மறுபடியும் காடாகுமா, அதனூடே ஓடிய ஓடை மறுபடியும் தெளியுமா என்பதே இன்றைய பாடம்.

இக்கேள்விக்கு ஊரில் இரண்டு விதமான பதில்கள் கேட்கக் கிடக்கின்றன. “கடவுள் படைத்த மண்தானே, தானாகவே முளைக்கும்” என்பார் சிலர். “போனது போனதுதான், இனி என்ன செய்தும் பயனில்லை” என்பார் வேறு சிலர். முதற் பதில் மனிதனைக் கவலையற்றவனாக்குகிறது. இரண்டாவது பதில் அவனை நம்பிக்கையற்றவனாக்குகிறது. இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. சில காயங்கள் சில ஆண்டுகளில் ஆறிவிடுகின்றன. சில ஆறுவதற்குத் தலைமுறைகள் செல்கின்றன. சில காயங்களோ மனிதன் கைகொடுத்தாலன்றி ஆறுவதே இல்லை. எது எப்படிப்பட்டது என்பதை விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பொறுமையாக இருந்து அளந்து பார்த்த மூன்று இடங்களைக் கொண்டு அறிந்துகொள்வோம். முதல் இரண்டு இடங்களும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்ளவை. மூன்றாவது நமது நாட்டின் சிங்கராஜ வனம்.

காடு தண்ணீருக்குச் செய்யும் ஊழியம்

முதலில், காயம்படாத காடு என்ன செய்கிறது என்று பார்ப்போம். மழைத்துளி நேரே மண்ணில் அறைவதில்லை. உயர்ந்த மரங்களின் இலைகள் அதன் வேகத்தை உடைக்கின்றன. கீழே செடிகளும் நிலத்தில் கிடக்கும் சருகும் அதை மெல்ல வாங்கிக்கொள்கின்றன. சருகின் கீழுள்ள மண் பஞ்சுபோல் நீரை உறிஞ்சுகிறது. அந்நீரின் ஒரு பகுதியை வேர்கள் குடித்து இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகின்றன. எஞ்சிய பகுதி நிலத்தினுள் ஊறிச் சென்று ஓடையாகக் கசிகிறது. ஆதலால்தான் மழை ஓய்ந்து பல நாட்கள் சென்ற பின்பும் காட்டோடை வற்றாமல் ஓடுகிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. விழுந்த இலைகளைப் பற்றீரியாக்களும் பூஞ்சணங்களும் உக்கச் செய்கின்றன. அதிலிருந்து பிறக்கும் நைத்திரேற்று போன்ற உரச் சத்துக்களை வேர்கள் உடனே எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் மிஞ்சியதை வீணாக்காமல் மறுவேளைக்குப் பயன்படுத்தும் சிக்கனமான தாயைப் போல, காடு தன் சத்தைத் தானே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. ஓடையில் வெளியேறிச் செல்வது மிகச் சொற்பமே.

வயது முதிர்ந்து ஓடையின் குறுக்கே விழும் மரமும் வீணாவதில்லை. அது சிறிய அணைபோல நின்று சருகையும் மணலையும் தடுக்கிறது. அதன் பின்னால் மீனும் பூச்சியும் வாழும் மடு ஒன்று உண்டாகிறது.

தண்ணீரின் காயம்

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெண்மலைப் பிரதேசத்தில் ஹபார்ட் புறூக் என்னும் காடு உண்டு. அந்நாட்டு வனச் சேவை 1955ஆம் ஆண்டில் அதனை ஆராய்ச்சிக்கென ஒதுக்கியது. அங்குள்ள சிற்றோடைகளின் குறுக்கே அளவுக் கட்டுகளைக் கட்டி, ஓடும் நீரின் அளவைக் கணக்கிட்டார்கள். 1963 முதல் லைக்கன்ஸ், போர்மன் முதலிய விஞ்ஞானிகள் அந்நீரில் என்னென்ன சத்துக்கள் கரைந்து போகின்றன என்றும் வாரந்தோறும் பரிசோதிக்கத் தொடங்கினர்.

1965ஆம் ஆண்டின் முடிவில் ஓர் ஓடையின் நீரேந்து பிரதேசம் முழுவதிலும், சுமார் 39 ஏக்கரில், எல்லா மரங்களையும் வெட்டி வீழ்த்தினார்கள். மரங்களை இழுத்துச் செல்லாமலும் றோட்டுப் போடாமலும் அப்படியே கிடக்க விட்டார்கள். பின்னர் மூன்று கோடைகாலங்களில் களைநாசினி தெளித்து எதுவும் முளைக்காதபடி தடுத்தார்கள். சாதாரணமாக மரம் வெட்டுவோர் இப்படிச் செய்வதில்லை. காடு மீளுவதைத் தடுத்தால் என்ன நேரும் என்று அறிவதற்காகவே இவ்விதம் செய்யப்பட்டது.

முதலாண்டில் ஓடையின் நீர் ஏறத்தாழ 40 வீதம் கூடியது. குடிப்பதற்கு மரங்கள் இல்லாமையால் அவ்வளவு நீரும் ஓடிப்போயிற்று. இதைக் கேட்டுச் சிலர் மகிழக்கூடும். ஆனால் அந்நீரோடு போனது என்ன? காயம்படாத ஓடையில் உள்ளதைவிட நைத்திரேற்று முதலாண்டில் சுமார் 40 மடங்காகவும் இரண்டாம் ஆண்டில் 50 மடங்குக்கு மேலாகவும் ஏறியது. குடிநீருக்கென விதிக்கப்பட்ட எல்லையையும் அது கடந்தது. கல்சியம், பொட்டாசியம் ஆகியவையும் பல மடங்கு கரைந்து போயின. நிழலற்று வெயில் பட்ட ஓடையில் பாசி அடர்ந்தது. பல காலமாகச் சேர்த்த சொத்தைச் சில ஆண்டுகளில் காடு இழக்கத் தொடங்கிற்று.

1969ஆம் ஆண்டு முதல் களைநாசினி நிறுத்தப்பட்டது. இனி நடந்ததைக் கவனியுங்கள். வெட்டிய சில அடிமரங்கள் துளிர்த்தன. காட்டுச் செரி என்னும் ஒரு சிறுமரம் நிலமெங்கும் நெருக்கமாக முளைத்தது. அதன் விதைகளை யாரும் அங்கு விதைக்கவில்லை. பறவைகள் எச்சத்தில் இட்ட விதைகள், வெளிச்சத்துக்காகப் பல பத்தாண்டுகளாக மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தன. மரங்கள் வீழ்ந்து வெயில் பட்டவுடன் அவை எழுந்தன. வேகமாக வளர்ந்த அம்மரங்கள் கரைந்து போகவிருந்த சத்துக்களைத் தம் வேர்களால் பிடித்து நிறுத்தின. மூன்று நான்கு ஆண்டுகளில் ஓடையின் நைத்திரேற்று பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

காட்டுச் செரிக்கு ஆயுள் குறைவு. சுமார் 30 ஆண்டுகளில் அது மடியத் தொடங்கும். அதன் நிழலில் வளர்ந்த மேப்பிளும் பீச்சும் பேர்ச்சும் அதனிடத்தைப் பெறும். தன் வேலை முடிந்ததும் மற்றவருக்கு வழிவிட்டு விலகும் ஊழியன் அது.

ஆயினும் எல்லாம் ஒரே வேகத்தில் குணமடையவில்லை. கல்சியம் கசிந்து போவது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. ஓடையின் குறுக்கே விழக்கூடிய பெருமரங்கள் மறுபடி வளர்வதற்கோ மிக நீண்ட காலம் வேண்டும்.

இதே காட்டில் இன்னொரு முறையையும் பரீட்சித்தார்கள். வேறோர் ஓடையின் நீரேந்து பிரதேசத்தைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, 1970, 1972, 1974 ஆகிய மூன்று தடவைகளில் வெட்டினார்கள். ஓடைக்கரை மரங்களையும் விட்டுவைத்தார்கள். முழுவதையும் ஒரேயடியாக வெட்டிய இடங்களைவிட அங்கு சத்திழப்புக் குறைவாக இருந்தது. ஆகவே மரம் தேவைப்படும்போதும் எப்படி வெட்டுகிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்பது பெரிய காரியம்.

சேற்றின் காயம்

ஹபார்ட் புறூக்கில் றோட்டு வெட்டாமல் பரிசோதித்தார்கள் என்றோம். சாதாரண மர வியாபாரத்திலோ றோட்டுகள் இன்றிக் காரியம் நடவாது. ஓடைக்குப் பெருங் காயத்தை உண்டாக்குவதும் பெரும்பாலும் இந்த றோட்டுகளே. இதை அறிய அமெரிக்காவின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியாவுக்குப் போவோம்.

அங்கு உலகிலேயே மிக உயரமாக வளரும் செம்மரங்களான றெட்வுட் மரங்களைக் காப்பதற்காக 1968இல் ஒரு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஆனால் பூங்காவினூடே ஓடும் றெட்வுட் ஓடையின் மேற்பகுதி பூங்காவுக்கு வெளியே இருந்தது. அங்கு வெட்டு தொடர்ந்தது. சரிவுகளில் புல்டோசர்களால் றோட்டுகள் வெட்டி, சிற்றோடைகளை மண்ணால் நிரப்பி, அவற்றின் மேலாக லொறிகளை ஓட்டினார்கள். 1964 டிசெம்பரில் வந்த பெருவெள்ளமும் 1970களில் வந்த வெள்ளங்களும் இப்படிக் குலைந்த சரிவுகளைக் கரைத்து, மண்ணையும் கல்லையும் ஓடையில் கொட்டின. ஓடையின் படுக்கை மேடாயிற்று. மடுக்கள் தூர்ந்தன. சமன் என்னும் மீன் பரல் கற்களுக்கிடையில் இடும் முட்டைகள் மூச்சுவிட நீரோட்டம் வேண்டும். மென்மையான சேறு படிந்தால் அவை மடிந்துபோகும். வெட்டப்படாத பழைய மரங்கள் நின்ற கரைகளுக்கும் ஆபத்து நெருங்கிற்று. வேலிக்கு உள்ளே எவ்வளவு கவனமாகக் காத்தாலும், மேலே இருப்பவன் செய்வதைக் கீழே இருப்பவன் அனுபவிக்கத்தான் வேண்டும் என்பதை எல்லாரும் கண்டுகொண்டார்கள்.

1978இல் அமெரிக்கக் காங்கிரஸ் சுமார் 48,000 ஏக்கரைப் பூங்காவோடு சேர்த்தது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்ட நிலம். அதன் பின் ஒரு புதுமையான வேலை ஆரம்பமாயிற்று. றோட்டு வெட்டுவதற்குப் பயன்பட்ட அதே வகை யந்திரங்களைக் கொண்டு, றோட்டுகளை இல்லாமல் செய்தார்கள்! சிற்றோடைகளில் நிரப்பிய மண்ணைத் தோண்டியெடுத்துப் பழைய நீர்வழியை வெளிப்படுத்தினார்கள். வெட்டிய சரிவுகளைப் பழைய வடிவத்துக்குத் திருத்தினார்கள். கன்றுகள் நட்டார்கள். பல பத்தாண்டுகளாக இவ்வேலை நடந்தது.

ஓடையின் கதை இங்கு ஒரு முக்கியமான பாடத்தைத் தருகிறது. மேலே விழுந்த மண் ஒரே நாளில் கடலைச் சேர்வதில்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் சிறிது சிறிதாகக் கீழே நகர்கிறது. ஆகையால் ஓடையின் மேற்பகுதி தெளிந்து ஆழமாகிக்கொண்டிருந்த காலத்தில் அதன் கீழ்ப்பகுதி இன்னும் மேடாகிக்கொண்டிருந்தது. தீங்கு செய்வதை நிறுத்திய பின்பும், செய்த தீங்கு பல ஆண்டுகள் பயணம் செய்கிறது. 

நமது சிங்கராஜ வனம்

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் சந்திக்கும் மலைப்பாங்கான பிரதேசத்தில் சிங்கராஜ வனம் உள்ளது. வடக்கே அதன் நீர் களு கங்கைக்கும், தெற்கே ஜின் கங்கைக்கும் செல்கிறது. அங்குள்ள மரவகைகளில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை.

1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக இவ்வனத்தில் யந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டும் வேலை ஆரம்பமாயிற்று. விஞ்ஞானிகளும் இயற்கை அன்பர்களும் பலமாக எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1978இல் சிங்கராஜ வனம் உயிரினவெளிக் காப்பகமாகவும், 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று குடாவ என்னும் கிராமத்தின் பக்கமாக வனத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நடந்துசெல்லும் பாதை, அன்று மரம் ஏற்றிய லொறிகள் சென்ற பாதையே. இருபுறமும் பச்சைக் காடு நிற்கிறது. பார்ப்பவருக்கு அங்கு ஒருகாலம் வெட்டு நடந்ததென்றே தோன்றாது.

இது எப்படி நடந்தது? அங்கு எல்லா மரங்களையும் வெட்டவில்லை. பருத்தவற்றைத் தெரிந்தெடுத்தே வெட்டினார்கள். மழைக்காட்டின் பெருமரங்களான ஹொர, டூன், பெரலிய முதலியவற்றின் விதைகள் காட்டுச் செரியின் விதைகளைப் போல மண்ணில் உறங்கிக் கிடப்பவை அல்ல. விழுந்த சில காலத்துக்குள் முளைக்க வேண்டும், இல்லையேல் மடியும். அவை பெரும்பாலும் தாய் மரத்துக்கு அருகிலேயே விழுகின்றன. ஆனால் முளைத்த கன்று மட்டும் மிகப் பொறுமையானது. தாயின் நிழலில், முழங்கால் உயரத்திலேயே பல ஆண்டுகள் காத்து நிற்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வரும்போது எழுந்து வளரும். ஆகவே எங்கெங்கே தாய் மரங்களும் கன்றுகளும் எஞ்சியிருந்தனவோ, அங்கெல்லாம் காடு தானே எழும்பிற்று.

வெயில் அதிகம் பட்ட இடங்களில் முதலில் வந்தவை கெண்ட போன்ற விரைந்து வளரும் சிறுமரங்கள். சிங்கள மக்கள் ஹலப்ப என்னும் பலகாரத்தைப் பொதிந்து அவிப்பது இந்தக் கெண்ட இலையில்தான். பறவைகள் கொண்டுவரும் சிறிய விதைகளிலிருந்து அவை முளைத்து நிழல் தருகின்றன.

யந்திரங்கள் திரும்பித் திரும்பி உழக்கிய இடங்களும், மரங்களை இழுத்துக் குவித்த இடங்களும் வேறு கதை. அங்கு மண் இறுகிற்று; மேல்மண் அள்ளுண்டது; கன்றுகள் நசுங்கின. இத்தகைய நிலம் மெதுவாகவே மீளுகிறது. வனத்தின் ஓரங்களில் திரும்பத் திரும்ப வெட்டியும் எரித்தும் கெட்டுப்போன நிலங்களில் கெக்கில என்னும் பன்னம் பாய் விரித்தாற்போல் அடர்ந்துவிடும். அது மண்ணை மூடிக் காப்பது உண்மையே. ஆனால் அதன் பின்னலுக்குள் மரக்கன்று தலைதூக்க இயலாது. அடிக்கடி தீயும் பிடிக்கும். இங்கே “தானாக வளரும்” என்று கைகட்டி நின்றால் வளராது.

இங்கேதான் மனிதனின் உதவி தேவைப்பட்டது. வனத்தின் எல்லைப்புறக் கெக்கில நிலங்களில் முன்னர் பைனஸ் மரங்கள் நடப்பட்டிருந்தன. பைனஸ் நமது காட்டுக்கு அந்நிய மரம். எனினும் அதன் நிழலில் கெக்கில ஒடுங்கிற்று. பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாரும் 1990களில் அங்கு ஒரு பரிசோதனை செய்தனர். பைனஸ் வரிசைகளில் சிலவற்றை அகற்றி, அந்த இடைவெளியில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டனர். அடர்ந்த பைனஸ் நிழலில் நட்டவை நன்றாக வளரவில்லை. மூன்று வரிசைகளை அகற்றிய இடைவெளியில் நட்டவை நன்றாக வளர்ந்தன. முழு வெயிலும் வேண்டாம், முழு இருளும் வேண்டாம். அளவான வெளிச்சமே கன்றுக்கு வேண்டும். பிள்ளை வளர்க்கும் பெற்றோர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆனால், வளர்ந்துவிட்ட காடு பழைய காட்டுக்குச் சமமென்று எண்ணிவிடக் கூடாது. பச்சை மூடுவதற்குச் சில ஆண்டுகள் போதும். பருத்த மரங்களும், அவற்றின் பொந்துகளும், நிழலை விரும்பும் அரிய செடிகளும் முன்போல் அமைவதற்கு ஒரு மனித ஆயுள் போதாது.

பாவசங்கீர்த்தனம் கற்பிக்கும் பாடம்

மேற்கண்ட மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, நமது ஞானோபதேச வகுப்பில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. நல்ல பாவசங்கீர்த்தனம் செய்வதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் மாத்திரம் போதாது. இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை வேண்டும். செய்த தீங்குக்குப் பரிகாரமும் வேண்டும். பிறர் பொருளைத் திருடியவன் மன்னிப்புப் பெற்றாலும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனை விட்டு நீங்குவதில்லை.

காட்டின் காரியமும் இதுவே. முதலாவது, நிறுத்த வேண்டும். ஹபார்ட் புறூக்கில் களைநாசினியை நிறுத்திய பின்னரே ஓடை தெளிந்தது. சிங்கராஜவில் வெட்டை நிறுத்திய பின்னரே காடு எழுந்தது. இரண்டாவது, பரிகாரம் செய்ய வேண்டும். றெட்வுட் ஓடையில் நிரப்பிய மண்ணை மீண்டும் தோண்டியெடுத்தது போன்றது அது. மூன்றாவது, காத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும்விட முந்தியது ஒன்று உண்டு: வேரையும் விதையையும் தாய் மரத்தையும் மேல்மண்ணையும் இழந்துவிடாதிருப்பது. அவை இருந்தால் இறைவன் காட்டினுள் வைத்த குணமாக்கும் சக்தி வேலை செய்யும்.

யோபு ஆகமத்தின் 14ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். துன்பத்தால் நொந்த யோபு, வெட்டுண்ட மரத்துக்குள்ள நம்பிக்கையைத் தன் நிலைமையோடு ஒப்பிட்டு முறையிடுகிறார். அந்த நம்பிக்கையை அவர் எங்கே காண்கிறார்? நிலத்தில் எஞ்சிய வேரிலும், அதைத் தொடும் நீரிலும். விஞ்ஞானிகள் அளந்து கண்டதும் இதுவே.

ஆதியாகமத்தின் 2ஆம் அதிகாரத்தில் இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்துவதற்கும் காப்பதற்கும் ஆகும். லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு கொடுக்கக் கட்டளையிடுகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்க வேண்டுமென்று போதித்தார். மேலே காடு குலைந்தால் முதலில் துன்புறுபவன் கீழே ஓடை நீரைக் குடிக்கும் ஏழையே.

மன்னார்ப் பகுதி வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையன்று. கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தருவது அருவியாறு. அந்த ஆறு நம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் தொடங்கி, பிற மக்களின் ஊர்களையும் காடுகளையும் கடந்து நம் வயல்களுக்கு வருகிறது. மேலே இருப்போர் ஆற்றங்கரையைக் காத்தால் நமக்கு நன்மை. நாம் நம் வாய்க்கால் கரையைக் காத்தால் நமக்குக் கீழே இருப்போருக்கு நன்மை. தண்ணீர் இனமும் மதமும் கேட்டு ஓடுவதில்லை.

குடும்பமாகச் சிந்திக்க

1. நமது வீட்டுக்கு, வயலுக்கு, கிணற்றுக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறது? அதன் வழியில் மரங்கள் நிற்கின்றனவா? வீட்டிலுள்ள முதியோரிடம், அவர்கள் சிறுவயதில் கண்ட நிலைமையைப் பிள்ளைகள் கேட்டறியட்டும்.

2. வளவில் ஒரு மரம் தறிக்க வேண்டி வந்தால், அதன் விதையிலிருந்து அல்லது கன்றிலிருந்து இன்னொன்று வளர வழிசெய்கிறோமா? குளக்கரை, வாய்க்கால் கரை மரங்களை விட்டுவைக்கிறோமா?

3. சருகை எரிக்காமல் மரத்தடியிலேயே உக்க விட முடியுமா?

4. நாம் பிறருக்குச் செய்த தீங்குகளில், செய்வதை நிறுத்திவிட்டோம் என்பதனாலேயே முடிந்துவிட்டதென்று விட்டுவிட்டவை எவை? அவற்றுக்கு என்ன பரிகாரம் செய்யலாம்?

இன்றிரவு செபமாலை முடிந்தபின் இக்கேள்விகளில் ஒன்றையாவது குடும்பமாகப் பேசிக்கொள்ளுங்கள். வரும் மாரிக்கு முன், பிள்ளைகளின் கையாலேயே ஒரு கன்றை நட்டு, அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். அதன் முழு நிழலை நாம் காணாமற்போகலாம். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் காண்பர்.